இனப்படுகொலை வரலாற்றைக் கல்லூரியில் தனிப்பாடமாகக் கற்பிக்க வேண்டுமா?

பொன்னி எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் வரலாறு கற்பிக்கிறேன். இளங்கலை மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு இனப்படுகொலை, மனித குலத்துக்கு எதிரான குற்றங்கள் ஆகியவற்றைப் பற்றி ஒரு விருப்பப் பாடம் வைக்கலாம் என்று துறைக் கூட்டத்தில் முன்மொழிந்திருக்கிறேன். பாடத்திட்டக் குழு அடுத்த மாதம் கூடுகிறது. அதற்குள் எழுத்து வடிவில் காரணங்களைத் தர வேண்டும்.

எதிர்ப்புகள் வெளிப்படையாகவே வந்தன. போட்டித் தேர்வுக்கு உதவாத, படிக்கிற பிள்ளைகளின் மனத்தைக் கலக்கிவிடக்கூடிய ஒன்றை எதற்காக வைக்க வேண்டும் என்று மூத்த பேராசிரியர் ஒருவர் கேட்டார். நாஜிகள் யூதர்களைக் கொன்றது இருபதாம் நூற்றாண்டு ஐரோப்பிய வரலாற்றுத் தாளில் ஏற்கெனவே இரண்டு பக்கம் இருக்கிறதே, அது போதாதா என்றார் இன்னொருவர். "மீண்டும் நடக்காமல் தடுப்பதற்காக" என்பதுதான் இதற்கு எல்லோரும் சொல்லும் பதில். அதை மறுக்கவில்லை. ஆனால் பொது உலக வரலாறு தராத எதை இந்தப் பாடம் ஒரு மாணவனுக்குத் தரும் என்பதை அதைவிடத் துல்லியமாகச் சொல்ல விரும்புகிறேன். ஒரு பருவத்தில் ஒரே ஒரு நிகழ்வைத்தான் ஆழமாக எடுக்க முடியும் என்றால் எதை எடுப்பது, கொடுமையைக் காட்சிப்பொருள் ஆக்காமல் அதை எப்படிக் கற்பிப்பது என்பதையும் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கொள்ளிடம் எழுதியது:

பொன்னி அவர்களுக்கு வணக்கம். ஒன்றே ஒன்று என்றால் ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவில் 1994ஆம் ஆண்டு நடந்ததை எடுங்கள். நாஜி ஜெர்மனியைப் பற்றி மாணவர்கள் ஏற்கெனவே ஏதோ கேள்விப்பட்டிருப்பார்கள். அதனாலேயே, இது ஒரு கொடியவன் செய்த வேலை, நச்சுவாயு அறைகளும் ரயில் பெட்டிகளும் இருந்ததால் நடந்தது என்ற முடிவோடு வகுப்புக்குள் வருவார்கள். ருவாண்டாவில் அப்படி எதுவும் கிடையாது. பெரும்பாலும் வயல்வேலைக்குப் பயன்படும் வெட்டுக்கத்தியையும் தடியையும் கொண்டு, ஏப்ரல் தொடங்கி ஜூலை நடுப்பகுதி வரை ஏறத்தாழ 100 நாட்களில், சுமார் 8 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. ருவாண்டா அரசு 10 லட்சத்துக்கும் மேல் என்கிறது. கொல்லப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்நாட்டின் சிறுபான்மைப் பிரிவான டுட்சிகள். பெரும்பான்மைப் பிரிவான ஹூட்டுகளில் கொலைக்கு உடன்படாதவர்களும் கொல்லப்பட்டனர். கொன்றவர்களில் பலர் அதே குன்றில், அதே தெருவில் வாழ்ந்தவர்கள்.

அந்த நாட்களில் வெளிநாட்டுப் பத்திரிகைகள் பலவும் இதை ஆதிகாலப் பழங்குடிப் பகை என்று எழுதின. அந்த விளக்கம் தவறு என்பதை மாணவர் தாமாகக் கண்டுபிடிக்கும்படி செய்தாலே உங்கள் பாடத்தில் பாதி முடிந்துவிடும். ஹூட்டுகளும் டுட்சிகளும் பேசியது ஒரே கின்யருவாண்டா மொழி. வணங்கிய தேவாலயம் ஒன்று. குடியிருந்த குன்றுகள் ஒன்று. திருமண உறவும் உண்டு. யார் எந்தப் பிரிவு என்பதை மாற்ற முடியாத ஒன்றாக இறுக்கியது 1930களில் பெல்ஜியக் காலனி நிர்வாகம் கொண்டுவந்த அடையாள அட்டை. அந்த அட்டையின் பிற்காலப் படிவம் ஒன்றின் படத்தை முதல் வகுப்பில் காட்டுங்கள். ஒளிப்படம் ஒட்டியிருக்கும் பக்கத்தில் ஒரே வரியில் ஹூட்டு, டுட்சி, ட்வா (மூன்றாவது சிறு பிரிவு), குடியுரிமை பெற்றவர் என்ற நான்கும் அச்சிடப்பட்டிருக்கும். பொருந்தாதவற்றை எழுத்தர் பேனாவால் அடித்திருப்பார். 1962இல் நாடு விடுதலை அடைந்த பிறகும் அந்த வரியை யாரும் நீக்கவில்லை. பள்ளிச் சேர்க்கையும் அரசு வேலையும் அதை வைத்தே ஒதுக்கப்பட்டன. 1994 ஏப்ரலில் சாலைத் தடுப்புகளில் நின்றவர்கள் முதலில் கேட்டது அந்த அட்டையைத்தான். பெயரையும் முகத்தையும் வைத்துப் பிரித்தறிய முடியாதவர்களை அந்த ஒரு வரி காட்டிக்கொடுத்தது.

அடுத்து, கொலைக்கு முந்தைய ஆண்டுகளுக்குப் போதிய நேரம் ஒதுக்குங்கள். 1959, 1963, 1973 ஆகிய ஆண்டுகளிலேயே டுட்சிகள் மீது வன்முறை நடந்து, பல்லாயிரம் பேர் அகதிகளாய் அண்டை நாடுகளுக்குப் போனார்கள். செய்தவர்கள் தண்டிக்கப்படவில்லை. 1990 அக்டோபரில் அந்த அகதிகளின் பிள்ளைகள் உகாண்டாவிலிருந்து ஆயுதப் படையாக நுழைந்தபோது, உள்நாட்டில் இருந்த டுட்சிகள் அனைவரும் எதிரியின் கையாட்கள் என்ற பிரசாரம் முழு வேகத்தில் தொடங்கியது. அந்த ஆண்டு டிசம்பரில் 'கங்குரா' என்ற பத்திரிகை ஹூட்டுகளுக்கான பத்துக் கட்டளைகளை வெளியிட்டது. டுட்சிப் பெண்ணை மணக்கிற ஹூட்டு துரோகி என்பது அவற்றில் ஒன்று. 1993 ஜூலையில் ஆர்.டி.எல்.எம். என்ற தனியார் வானொலி ஒலிபரப்பத் தொடங்கியது. நல்ல பாட்டும் அரட்டையும் நகைச்சுவையுமாக இளைஞர்கள் விரும்பிக் கேட்ட நிலையம் அது. கேட்பவர்கள் பழகிப்போன பிறகு, டுட்சிகளைக் கரப்பான்கள் என்று சொல்வதும் அந்த அரட்டையின் பகுதியாயிற்று. கொலைகள் தொடங்கியதும் அதே நிலையம் ஆட்களின் பெயர்களையும் ஒளிந்திருக்கும் இடங்களையும் வண்டி எண்களையும் வாசித்தது.

நிர்வாகத்தின் பங்கைக் காட்டுவதற்குப் புட்டாரே மாகாணத்தைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியவில்லை. ஏப்ரல் 6 இரவு அதிபர் ஹபியாரிமானாவின் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. மறுநாளே தலைநகர் கிகாலி கொலைக்களமாகி, பிரதமர் அகாத்தே உவிலிங்கியிமானாவும் அவரைக் காவல் காத்த பெல்ஜிய வீரர் 10 பேரும் கொல்லப்பட்டனர். அப்போதும் புட்டாரே ஏறத்தாழ இரண்டு வாரம் பெரும்பாலும் அமைதியாக இருந்தது. நாட்டில் இருந்த ஒரே டுட்சி மாகாண ஆட்சியர் ஷான்-பப்டிஸ்ட் ஹபியாலிமானா அங்கே இருந்தார். கொலைக்கு அவர் இடம் தரவில்லை. இடைக்கால அரசு அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. ஏப்ரல் 19 அன்று புதிய ஆட்சியர் பதவியேற்ற விழாவுக்கு இடைக்கால அதிபரே வந்து, ஒதுங்கி நிற்பவர்களைச் சாடிப் பேசினார். அதற்குப் பின் புட்டாரேயிலும் படுகொலைகள் தொடங்கின. ஹபியாலிமானாவும் பின்னர் கொல்லப்பட்டார். பகை எரிமலைபோல் தானாக வெடிப்பது என்றால், ஒரு பதவி நீக்க உத்தரவுக்கும் ஒரு மேடைப் பேச்சுக்கும் அது ஏன் காத்திருந்தது என்று மாணவர்களைக் கேளுங்கள்.

கொடுமையைக் காட்சிப்பொருள் ஆக்குவது பற்றிய உங்கள் கவலை நியாயமானது. கொலைகள் நடந்து, இப்போது நினைவிடங்களாக இருக்கும் ந்யமாடா, ன்டராமா தேவாலயங்களில் வரிசையாக வைக்கப்பட்டிருக்கும் மண்டையோடுகளின் படங்களை நான் வகுப்பில் காட்ட மாட்டேன். அவை உறவினர் சென்று அழுவதற்கான இடங்கள். எங்கோ இருக்கும் வகுப்பறைத் திரையில் அதே படம் அதிர்ச்சியை மட்டும் தரும். அதிர்ந்து போனவர்கள் கேள்வி கேட்பதில்லை.

வழக்குரைஞர்_மதுரை எழுதியது:

பேராசிரியர் அவர்களுக்கு, மேலே சொன்னதோடு ஒரு தீர்ப்பையும் பாடமாக வைக்குமாறு பரிந்துரைக்கிறேன். ருவாண்டாவுக்காக ஐ.நா. பாதுகாப்பு அவை 1994 நவம்பரில் அமைத்து, தான்சானியாவின் அருஷா நகரில் இயங்கிய சர்வதேசத் தீர்ப்பாயம், 1998 செப்டம்பர் 2 அன்று ஷான்-பால் அகாயெசு வழக்கில் வழங்கிய தீர்ப்பு அது. 1948ஆம் ஆண்டின் இனப்படுகொலை ஒப்பந்தத்தில் உள்ள வரையறையைக் கொண்டு ஒரு சர்வதேச நீதிமன்றம் ஒருவரைக் குற்றவாளி என்று அறிவித்தது அதுவே முதல் முறை. ஒப்பந்தம் ஏற்கப்பட்டு ஐம்பது ஆண்டுகள் கழித்துத்தான் அது நடந்தது.

அகாயெசு படைத்தளபதி அல்லர். பள்ளி ஆசிரியராகவும் பின்பு பள்ளி ஆய்வாளராகவும் இருந்து, 1993இல் டாபா என்ற ஊரகப் பகுதியின் நிர்வாகத் தலைவரானவர். மக்களிடம் மதிப்புப் பெற்றவர். ஏப்ரல் 18 வரை அவர் டாபாவில் கொலைகளைத் தடுக்க முயன்றார் என்பதைத் தீர்ப்பே ஏற்றுக்கொள்கிறது. அன்று இடைக்கால அரசின் தலைவர்கள் நடத்திய கூட்டத்துக்குச் சென்று வந்தபின் மாறினார். மறுநாள் காலை கூடிய மக்களிடம் எதிரியின் கூட்டாளியை ஒழிக்கச் சொன்னார். டாபாவில் குறைந்தது 2,000 டுட்சிகள் கொல்லப்பட்டனர் என்று தீர்ப்பாயம் முடிவு செய்தது. ஒரு மனிதர் எந்த நாளில், எந்தக் கூட்டத்துக்குப் பின், எந்தச் சொற்களால் மாறினார் என்பதைச் சாட்சியம் சாட்சியமாக எடைபோட்டுச் சொல்லும் பத்திகளை மாணவர்கள் வாசிக்க வேண்டும். பொதுவான வரலாற்று நூல் இவ்வளவு நெருங்கிச் செல்வதில்லை.

அந்த வழக்கின் மூன்று நீதிபதிகளில் ஒருவர் நவநீதம் பிள்ளை, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஒரு தமிழ்க் குடும்பத்தில், பேருந்து ஓட்டுநரின் மகளாகப் பிறந்தவர். நிறவெறி ஆட்சியில் வழக்குரைஞராக இருந்தவர் அவர். முதல் குற்றப்பத்திரிகையில் பாலியல் வன்முறை இடம்பெறவே இல்லை. வேறொன்றைப் பற்றிச் சாட்சி சொல்ல வந்த ஒரு தாய், தன் ஆறு வயது மகளுக்கு நேர்ந்ததைச் சொன்னார். பிள்ளை உள்ளிட்ட நீதிபதிகள் அதை ஒதுக்கிவிடாமல் மேலும் கேட்டார்கள். அடுத்த சாட்சிகளும் பேசினார்கள். 1997 ஜூனில் குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது. ஒரு குழுவை அழிக்கும் நோக்கத்தோடு செய்யப்படும் வன்புணர்வும் இனப்படுகொலைக் குற்றமே என்ற தீர்மானம் அப்படித்தான் சட்டமானது. பின்னர் ஆர்.டி.எல்.எம். வானொலி, 'கங்குரா' பத்திரிகை ஆகியவற்றை நடத்தியவர்கள் மீதான வழக்கில் தலைமை நீதிபதியாகவும் பிள்ளை இருந்தார். 2003 டிசம்பரில் வந்த அந்தத் தீர்ப்பும், அதன் ஒரு பகுதியை மாற்றித் தண்டனைகளைக் குறைத்த 2007ஆம் ஆண்டின் மேல்முறையீட்டுத் தீர்ப்பும், பேச்சுச் சுதந்திரத்தின் எல்லை பற்றி ஒரு வாரம் முழுக்க விவாதிக்கப் போதுமானவை.

இரண்டு குற்றங்களுக்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிவாகக் கற்பியுங்கள். நம் மேடைகளிலும் ஊடகங்களிலும் இது குழம்பியே கிடக்கிறது. தேசிய, இன, மரபின, சமயக் குழு ஒன்றை முழுமையாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கம் மெய்ப்பிக்கப்பட்டால் மட்டுமே இனப்படுகொலை. பொதுமக்கள் மீது பரவலாக அல்லது முறைப்படுத்தி நடத்தப்படும் தாக்குதலின் பகுதியாகக் கொலை, அடிமைப்படுத்தல், நாடு கடத்தல், சித்திரவதை போன்றவற்றைச் செய்வது மனித குலத்துக்கு எதிரான குற்றம். அதற்கு அந்தத் தனி நோக்கம் தேவையில்லை. கம்போடியாவில் 1975 முதல் 1979 வரை கெமர் ரூஜ் ஆட்சியில் சுமார் 17 லட்சம் பேர் மாண்டனர். 2018இல் அங்குள்ள சிறப்பு நீதிமன்றம் சாம் முஸ்லிம்களும் வியட்நாமியரும் கொல்லப்பட்டதை மட்டுமே இனப்படுகொலை என்றது. பெரும்பான்மையினரான கெமர் மக்களுக்குக் கெமர்களே இழைத்தவை மனித குலத்துக்கு எதிரான குற்றங்களாகவே தண்டிக்கப்பட்டன. இரண்டாவது குற்றம் சிறியது என்று இதற்குப் பொருளில்லை.

நம் நாட்டைப் பற்றி ஒன்று. இந்தியா அந்த ஒப்பந்தத்தை 1959இல் உறுதி செய்தது. ஆனால் இவ்விரு குற்றங்களும் நம் உள்நாட்டுச் சட்டத்தில் இன்றுவரை தனிக் குற்றங்களாக இல்லை. 1984ஆம் ஆண்டின் சீக்கியர் படுகொலை தொடர்பான வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2018 டிசம்பரில் இந்தக் குறையை வெளிப்படையாகச் சுட்டி, அவசரமாகக் களைய வேண்டும் என்றது. அதன்பின் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அவை இடம்பெறவில்லை. சட்டம் படிக்கப் போகும் மாணவருக்குப் பயன் என்ன என்று குழுவில் கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

கடலோரன் எழுதியது:

மதிப்போடு ஒரு மாற்றுக் கருத்து. படித்தால் தடுக்கலாம் என்ற நம்பிக்கைக்கு ருவாண்டாவே எதிர்ச்சாட்சி. அங்கிருந்த ஐ.நா. படைத்தளபதி ரொமியோ டல்லேர் 1994 ஜனவரி 11 அன்றே, ஆயுதக் கிடங்குகள் இருப்பதையும் டுட்சிகளின் பட்டியல் தயாரிக்கப்படுவதையும் நியூயார்க்குக்குத் தொலைநகலில் எழுதினார். கிடங்குகளைச் சோதனையிட அவருக்கு அனுமதி தரப்படவில்லை. கொலைகள் தொடங்கிய பின், ஏப்ரல் 21 அன்று, சுமார் 2,500 பேர் இருந்த படையை 270 ஆகக் குறைக்கப் பாதுகாப்பு அவை முடிவெடுத்தது. இதை முடிவெடுத்தவர்கள் நாஜிகளின் வரலாற்றைப் பள்ளியிலேயே படித்தவர்கள். மறு ஆண்டு பொஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சாவில், ஐ.நா. பாதுகாப்பு வலயம் என்று அறிவித்த இடத்திலேயே 8,000க்கும் மேற்பட்ட ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டனர். வேறொன்றும் உண்டு: உகாண்டாவிலிருந்து நுழைந்து 1994இல் போரில் வென்று ஆட்சிக்கு வந்த அகதிகள் தரப்பின் படைகள் செய்த கொலைகளுக்காக அருஷா தீர்ப்பாயம் ஒருவரையும் விசாரிக்கவில்லை. இதையும் சேர்த்துச் சொல்லாத பாடம் நேர்மையான பாடமாகாது.

கொள்ளிடம் எழுதியது:

கடலோரன் அவர்களின் கடைசிக் கருத்தை முழுமையாக ஏற்கிறேன். அதைப் பாடத்திலேயே வைக்க வேண்டும். முதல் கருத்தில் மட்டும் வேறுபடுகிறேன். டல்லேரின் எச்சரிக்கை நியூயார்க்கில் வாசிக்கப்படாமல் போகவில்லை. வாசித்தவர்கள் அதை அரசுக்கும் அந்த அகதிகள் படைக்கும் இடையிலான ஒரு போர்நிறுத்த ஒப்பந்தத்தின் சிக்கலாக மட்டுமே பார்த்தார்கள். சோமாலியாவில் 1993இல் வெளிநாட்டுப் படைகள் பட்ட அடியும் அவர்களைத் தயங்க வைத்தது. வல்லரசுகளுக்கு விருப்பமில்லை என்பதும் உண்மை. அந்த விருப்பமின்மையைப் படிப்பு மட்டும் மாற்றிவிடும் என்று நான் சொல்லவில்லை.

ஆனால் 2018இல் நடந்ததைப் பாருங்கள். காம்பியாவின் நீதித்துறை அமைச்சர் அபுபக்கர் தம்பது வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் முகாமுக்குச் சென்று, மியான்மரிலிருந்து துரத்தப்பட்ட ரோஹிங்கியா மக்கள் சொன்னதைக் கேட்டார். அவர் முன்பு அருஷா தீர்ப்பாயத்தின் அரசுத் தரப்பு அலுவலகத்தில் பல ஆண்டுகள் பணியாற்றியவர். முகாமில் கேட்டவை ருவாண்டாவில் கேட்டவற்றை ஒத்திருந்ததை அவரால் உடனே அடையாளம் காண முடிந்தது. மேற்கு ஆப்பிரிக்காவின் மிகச் சிறிய நாடு ஒன்று, மியான்மரோடு எல்லையோ வணிகப் பூசலோ இல்லாத நிலையில், 2019 நவம்பரில் சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 2020 ஜனவரியில் நீதிபதிகள் அனைவரும் ஒருமனதாக இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவு பிறப்பித்தனர். ரோஹிங்கியாக்களின் துயரம் அதனால் தீர்ந்துவிடவில்லை. ஆயினும் அந்த வழக்கு தொடங்கியதே, ஒரு நிகழ்வை ஆழமாக அறிந்த ஒருவர் இன்னொன்றைக் கண்டுகொண்டதால்தான். இந்த அறிவு வல்லரசுகளிடம் மட்டும் இருந்து பயனில்லை. எங்கும் பரவியிருக்க வேண்டும்.

மாணவர்களால் என்ன செய்துவிட முடியும் என்று கேட்பவர்களுக்கு ந்யாங்கே பள்ளியைச் சொல்லலாம். 1997 மார்ச்சில் ஆயுதக் குழு ஒன்று ருவாண்டாவின் அந்த மேல்நிலைப் பள்ளிக்குள் புகுந்து, ஹூட்டுகள் ஒரு பக்கமும் டுட்சிகள் மறுபக்கமும் பிரிந்து நிற்கும்படி மாணவர்களிடம் சொன்னது. அவர்கள் பிரிய மறுத்தார்கள். சிலர் அங்கேயே உயிரிழந்தார்கள்.

வன்னிமண் எழுதியது:

நான் போரில் உறவுகளைப் பறிகொடுத்த குடும்பத்தைச் சேர்ந்தவன். எமது இழப்பைப் பற்றி இங்கே விவாதம் தொடங்கும் நோக்கம் எனக்கில்லை. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். நவநீதம் பிள்ளை அம்மையார் ஐ.நா. மனித உரிமைகள் உயர் ஆணையராக 2013 ஆகஸ்ட்டில் இலங்கைக்கு வந்தபோது, காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் படங்களோடு அவரைச் சந்திக்கக் காத்து நின்றனர். உணர்ச்சி எங்களிடம் நிறையவே உண்டு. எந்தத் திகதி, எந்த இடம், யார் நேரில் கண்டது, யார் கேள்விப்பட்டது என்று பிரித்து எழுதி வைக்கும் பழக்கம்தான் குறைவு. கம்போடியாவில் துவோல் ஸ்லெங் சிறையை நடத்தியவர்களே எழுதிவைத்த கோப்புகளையும், பின்னாளில் அங்குள்ள ஆவண மையம் சேர்த்த லட்சக்கணக்கான பக்கங்களையும் வைத்துத்தான் முப்பது ஆண்டுகள் கழித்தும் வழக்கு நடத்த முடிந்தது. சாட்சிகளின் பெயரை மறைத்து எழுத்துக்களால் குறிப்பிட்டு அவர்களைக் காக்கும் முறையும் படிக்க வேண்டியதே. பேராசிரியர் அம்மா ஆவணப்படுத்தலுக்குச் சில வகுப்புகளை ஒதுக்கினால், எங்கள் பிள்ளைகளுக்கும் அது பயன்படும்.

பொன்னி எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. எனக்குத் தேவைப்பட்ட காரணம் கிடைத்துவிட்டது: அட்டையில் ஒரு வரி, வானொலியில் ஓர் அரட்டை, ஆட்சியர் ஒருவரின் பதவி நீக்கம் ஆகியவை ஒரு கொலைக்கு எப்படி வழிவிடுகின்றன என்பதை ஆவணங்களைக் கொண்டு வாசிக்கும் பயிற்சி. அரசுப் பணிக்குத் தேர்வு எழுதப் போகும் மாணவர்களுக்கு இது வேண்டாத பாடம் என்று இனி யாரும் சொல்ல முடியாது. நாளை அந்த அட்டையை நிரப்பும் மேசையில் உட்காரப் போகிறவர்கள் அவர்கள்தாம்.

முன்மொழிவை இப்படி மாற்றி எழுதுகிறேன்: ருவாண்டா முதன்மை நிகழ்வு, அதில் 1994க்கு முந்தைய ஆண்டுகளுக்கே மிகுதியான நேரம், அகாயெசு தீர்ப்பின் தேர்ந்த பத்திகள் கட்டாய வாசிப்பு, கம்போடியா ஒப்பீட்டுக்கு, ஆவணப்படுத்தலுக்கு ஒரு செயல்முறைப் பயிற்சி, வென்றவர்கள் விசாரிக்கப்படாதது குறித்துத் தனி விவாதம். தேர்வில் எண்ணிக்கைகளைக் கேட்கப் போவதில்லை; ஓர் ஆவணத்தைக் கொடுத்து அதை விளக்கச் சொல்வேன்.

பெரும்பாலான மாணவர்கள் தமிழ் வழியில் படித்தவர்கள் என்பதால் தீர்ப்பின் பத்திகளையும் 1948 ஒப்பந்தத்தையும் தமிழில் தர வேண்டியிருக்கிறது. ஒப்பந்தத்தின் இரண்டாம், மூன்றாம் பிரிவுகளை நானே மொழிபெயர்க்கத் தொடங்கியிருக்கிறேன். வழக்குரைஞர் அய்யா அதைச் சரிபார்த்துத் தர இயலுமா? இந்த வார இறுதிக்குள் வரைவை இங்கேயே பதிவிடுகிறேன்.